வீட்டு வெப்பமூட்டும் கொதிகலனில் நீர்க்கசிவு

வீட்டு வெப்பமூட்டும் கொதிகலனில் நீர்க்கசிவு என்பது, வீட்டின் அறைகளைச் சூடாக வைத்திருக்கும் கொதிகலனிலிருந்தோ அதனுடன் இணைந்த குழாய்கள், வால்வுகள், ரேடியேட்டர்கள் ஆகியவற்றிலிருந்தோ நீர் வெளியேறும் பழுதைக் குறிக்கும். இது சிலவேளைகளில் தரையில் தேங்கும் நீராகக் கண்ணுக்குத் தெரியும். பல வேளைகளில் கொதிகலனின் அழுத்தமானி முள் நாளுக்கு நாள் கீழிறங்குவது ஒன்றே இதன் அறிகுறியாக இருக்கும். முள் இறங்கும்போதெல்லாம் புதிய நீரை நிரப்பி முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவருவது வீடுகளில் பரவலாகக் காணப்படும் வழக்கம். இது பழுதை நீக்குவதில்லை. கசிவை மறைப்பதுடன், தொகுதியின் உள்ளே அரிப்பையும் வளர்க்கிறது.

இக்கட்டுரை, எரிவாயுக் கொதிகலன்கள் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் ஐக்கிய இராச்சியத்தின் நடைமுறையை அடிப்படையாகக் கொண்டது. இங்கே கூறப்படும் கொதிகலன், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குளியலறைகளில் பொருத்தப்படும் கீசரிலிருந்து வேறுபட்டது. கீசர் குளிப்பதற்கான நீரை மட்டும் சூடாக்குகிறது. வெப்பமூட்டும் கொதிகலனோ, ஒரு மூடிய சுற்றில் உள்ள அதே நீரைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி வீடு முழுவதும் சுற்றவிடுகிறது. பெயர் கொதிகலன் என்றாலும் இதில் நீர் கொதிப்பதில்லை. வழக்கமாக 60 முதல் 80 பாகை செல்சியசு (°செ) வரையே சூடாகிறது.

பின்னணி

ஐக்கிய இராச்சியத்தில் 1970 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் மட்டுமே மைய வெப்பமூட்டல் இருந்தது. 1967 முதல் 1977 வரையான காலத்தில், நிலக்கரியிலிருந்து உருவாக்கப்பட்ட நகர எரிவாயுவுக்குப் பதிலாக வடகடலில் கிடைத்த இயற்கை எரிவாயு வீடுகளுக்கு வழங்கப்படலாயிற்று. இதன் பின்னர் எரிவாயுக் கொதிகலன்கள் விரைவாகப் பரவின. தொடக்கத்தில் பரணில் ஒரு சிறு தொட்டியைக் கொண்ட திறந்த தொகுதிகளே மிகுதியாக இருந்தன. பிற்காலத்தில், அறைகளைச் சூடாக்குவதோடு குழாய்நீரையும் உடனுக்குடன் சூடாக்கித்தரும் கூட்டுக் கொதிகலன்கள் பெருகின. இவை மூடிய தொகுதிகளில் அழுத்தத்துடன் இயங்குகின்றன.

2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயுக் கொதிகலன்கள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒடுக்க வகையைச் சேர்ந்தவையாக இருக்கவேண்டும் என்று கட்டட விதிகள் கூறுகின்றன. ஒடுக்கக் கொதிகலன் என்பது, புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து நீராக்கி அதன் வெப்பத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் கொதிகலன் ஆகும். இதனால் எரிபொருள் மிச்சமாகிறது. அதேவேளை, முன்பு இல்லாத ஒரு நீரோட்டமும் கொதிகலனுக்குள் வந்து சேர்ந்தது.

கொதிகலனில் உள்ள மூவகை நீர்

ஒரு கூட்டுக் கொதிகலனின் அடியில் சொட்டும் நீர் மூன்று வெவ்வேறு வழிகளில் வந்திருக்கக்கூடும். எந்த நீர் கசிகிறது என்பதை அறிந்தால் பழுதின் இடத்தைப் பெருமளவு குறுக்கிவிடலாம்.

- சுற்று நீர்: ரேடியேட்டர்களுக்கும் கொதிகலனுக்கும் இடையே சுற்றும் நீர். இரும்பு அரிப்பினால் பெரும்பாலும் கருமை அல்லது பழுப்பு நிறம் கொண்டிருக்கும். இது கசிந்தால் அழுத்தமானி இறங்கும்.
- குழாய்நீர்: தெருக் குழாயிலிருந்து வந்து, கொதிகலனில் சூடாகிச் சமையலறைக்கும் குளியலறைக்கும் செல்லும் நீர். தெளிவாக இருக்கும். இது வெளியே கசிந்தால் அழுத்தமானியில் மாற்றம் ஏற்படாது. நீர் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.
- ஒடுக்க நீர்: புகையிலுள்ள நீராவி குளிர்ந்து உருவாகும் நீர். நிறமற்றது, பி.எச். மதிப்பு ஏறத்தாழ 3 முதல் 5 வரை கொண்ட மென் அமிலம். கொதிகலன் எரியும்போது மட்டுமே உருவாகும். இதன் கசிவும் அழுத்தமானியைப் பாதிக்காது.

ஒடுக்க நீரின் அளவு சிறிதன்று. 1 கிலோகிராம் மீத்தேன் எரியும்போது 2.25 கிலோகிராம் நீர் உருவாகிறது. ஏறத்தாழ 55 °செ வெப்பநிலைக்குக் கீழே புகை குளிரும்போது இதில் ஒரு பகுதி நீர்மமாகிறது. எனவே குளிர்காலத்தில் ஒரு கொதிகலன் ஒரு நாளில் பல லிட்டர் ஒடுக்க நீரை வெளியேற்றக்கூடும். இந்நீர் செம்புக் குழாயை அரித்துவிடும் என்பதால் நெகிழிக் குழாய் வழியாகவே கழிவுநீர்க் காலுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது.

இவை தவிர, புகைபோக்கி சுவரைக் கடக்கும் இடத்தில் காப்பு வளையம் பழுதடைந்தால் மழைநீரும் உள்ளே வரலாம். மழை நாட்களில் மட்டும் நீர் சொட்டினால் இதனை ஐயுறவேண்டும்.

அழுத்தமும் விரிவுக்கலமும்

மூடிய தொகுதியில், நீர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்கவேண்டும். இது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட அளவு ஆகும். நீர் சூடாகும்போது விரிவடைவதால் அழுத்தம் ஏறத்தாழ 2 பார் வரை உயர்வது இயல்பு. 3 பார் அளவை எட்டினால் காப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் உள்ள ஒரு செம்புக் குழாய் வழியாக நீரை வெளியேற்றும்.

விரிவடையும் நீருக்கு இடம் கொடுப்பது விரிவுக்கலம். இது நடுவில் இரப்பர் சவ்வு உடைய ஓர் உலோகக் கலம். சவ்வின் ஒருபுறம் சுற்று நீரும் மறுபுறம் அழுத்தப்பட்ட காற்று அல்லது நைட்ரசனும் இருக்கும். நீர் விரியும்போது சவ்வு நகர்ந்து வளிமத்தை நெருக்கும்.

இதன் செயற்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 100 லிட்டர் நீர் கொண்ட ஒரு தொகுதி 10 °செ இலிருந்து 80 °செ வரை சூடானால் அதன் கன அளவு ஏறத்தாழ 2.9 லிட்டர் கூடும். விரிவுக்கலத்தின் கொள்ளளவு 8 லிட்டர், அதன் வளிம அழுத்தம் 1 பார், குளிர்நிலையில் தொகுதியின் அழுத்தமும் 1 பார் எனக் கொள்வோம். பாயிலின் விதிப்படி, 8 லிட்டர் வளிமம் 5.1 லிட்டராக நெருக்கப்படும்போது அழுத்தம் ஏறத்தாழ 2.1 பார் ஆகும். காப்பு வால்வு திறக்காது.

காலப்போக்கில் வளிமம் மெல்ல வெளியேறி, அதன் இடம் 4 லிட்டராகக் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். இப்போது 2 லிட்டர் விரிவிலேயே அழுத்தம் 3 பார் ஆகிவிடும். எஞ்சிய 0.9 லிட்டர் நீர் காப்பு வால்வு வழியாக வீட்டுக்கு வெளியே போகும். தொகுதி மீண்டும் குளிரும்போது அழுத்தமானி ஏறத்தாழ 0.6 பார் காட்டும். வீட்டுக்காரர் காலையில் இதைக் கண்டு 1 பார் வரை நீர் நிரப்புவார். அடுத்த முறை சூடாகும்போது அதே அளவு நீர் மீண்டும் வெளியேறும். இங்கே எந்தக் குழாயிலும் துளை இல்லை. எந்த அறையிலும் ஈரம் இல்லை. ஆயினும் நீர் இழப்பு முடிவின்றித் தொடரும்.

கசிவின் அளவு

அழுத்த வீழ்ச்சியிலிருந்து இழந்த நீரின் அளவைக் கணிக்கலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில், விரிவுக்கலம் நல்ல நிலையில் இருக்கும்போது 1.5 பாரிலிருந்து 1 பாருக்கு முள் இறங்கினால் 1.6 லிட்டர் நீர் இழக்கப்பட்டுள்ளது என்று பொருள். 1 பாருக்குக் கீழே கலத்தில் இருந்து வரக்கூடிய நீர் எதுவும் இல்லாததால், அதன்பின் சிறிதளவு நீர் இழந்தாலும் முள் வேகமாக விழும். நெடுநாள் மெல்ல இறங்கிய முள் திடீரென விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். கசிவு அன்றுதான் பெரிதாயிற்று என்று கருதவேண்டியதில்லை.

ஒரு சொட்டு நீர் ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கும் மேல் இழப்பு ஏற்படும். இது எளிதில் கண்ணில்படும். நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்கு 72 மில்லிலிட்டர் மட்டுமே. சூடான குழாயின் மீது இது விழுந்த இடத்திலேயே உலர்ந்துவிடக்கூடும். ஆயினும் 1.6 லிட்டர் நீர் வெளியேற மூன்று வாரங்களே போதும். இத்தகைய கசிவு ஈரமாகத் தெரியாமல், இணைப்புகளில் பச்சை அல்லது வெண்ணிறப் படிவாகவோ துருக்கறையாகவோ மட்டும் தெரியும்.

கசிவு ஏற்படும் இடங்களும் காரணங்களும்

கொதிகலனுக்குள்

- பம்பின் அடைப்பு வளையங்கள்: இரப்பர் பல ஆண்டுகள் சூடாகிக் குளிர்வதால் இறுகி நெகிழ்வை இழக்கும்.
- தானியங்கிக் காற்று வால்வு: உள்ளே அழுக்கு சிக்கினால் காற்றோடு நீரையும் வெளியேவிடும். மின்சுற்றுப் பலகைக்கு மேலே இது அமைந்திருந்தால் பலகையும் கெடக்கூடும்.
- முதன்மை வெப்பப் பரிமாற்றி: தீச்சுடரின் வெப்பத்தைச் சுற்று நீருக்குக் கடத்தும் பகுதி. இதில் விரிசல் ஏற்பட்டால், நீர் ஒடுக்க நீர்க் குழாயுடன் கலந்து வடிகாலுக்குள் போய்விடலாம். வீட்டுக்குள் ஒரு சொட்டும் தெரியாது.
- தட்டு வெப்பப் பரிமாற்றி: சுற்று நீரின் வெப்பத்தைக் குழாய்நீருக்குக் கடத்தும் பகுதி. இதன் தட்டில் துளை ஏற்பட்டால், அழுத்தம் மிகுந்த குழாய்நீர் சுற்று நீருக்குள் புகும். அப்போது அழுத்தமானி இறங்காமல் ஏறும். இறுதியில் காப்பு வால்வு திறந்து நீர் வெளியேறும்.
- ஒடுக்க நீர்ப் பொறி: வண்டல் அடைத்துக்கொண்டால் நீர் வழிந்து கொதிகலனின் அடியில் சொட்டும்.

கொதிகலனுக்கு வெளியே

- ரேடியேட்டர் வால்வுகள்: தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தேய்வதாலும் இணைப்பு நட்டு தளர்வதாலும் கசியும்.
- ரேடியேட்டர்: வண்டல் சேரும் அடிப்பகுதியில் ஊசித்துளைகள் ஏற்படும்.
- தரைக்கு அடியில் செல்லும் குழாய்கள்: செம்புக் குழாயை உறையின்றிக் காங்கிரீட்டில் பதித்திருந்தால், சிமெந்துக் கலவையின் வேதிப்பொருட்களும் வெப்ப விரிவினால் ஏற்படும் உராய்வும் குழாயைத் துளைத்துவிடும்.
- காப்பு வால்வு: ஒருமுறை திறந்தபின் அதன் இருக்கையில் அழுக்குத் துகள் சிக்கி, முழுமையாக மூடாமல் தொடர்ந்து சொட்டக்கூடும்.
- நிரப்பு இணைப்பு: தெருக் குழாய்நீரைச் சுற்றுக்குள் விடும் வால்வு சரியாக மூடாவிட்டால் நீர் தொடர்ந்து உட்புகுந்து அழுத்தம் உயரும்.

மூலத்தைக் கண்டறிதல்

நீர் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நீர் குழாயின் மேற்பரப்பிலும் கொதிகலனின் உட்சுவரிலும் வழிந்து, மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து சொட்டும். ஆகையால் ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த காகிதக் கைக்குட்டையை ஒவ்வோர் இணைப்பிலும் மேலிருந்து கீழாக ஒற்றிப் பார்ப்பது எளிய முறை.

கொதிகலனின் உறையைத் திறக்காமலேயே வீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய சோதனைகள் சில உள்ளன.

- குறிப்பெடுத்தல்: கொதிகலன் குளிர்ந்திருக்கும் அதே வேளையில் நாள்தோறும் அழுத்தத்தைக் குறித்துவைத்தல். சூடாக இருக்கும்போது எடுத்த அளவையும் குளிரில் எடுத்த அளவையும் ஒப்பிடுதல் கூடாது. பழுதுபார்ப்பவருக்கு இக்குறிப்பு பெரிதும் உதவும்.
- வெளிக்குழாய்ச் சோதனை: காப்பு வால்வின் செம்புக் குழாய் வெளிச்சுவரில் முடியும் இடத்தில் ஈரமோ சுண்ணப் படிவோ உள்ளதா எனப் பார்த்தல். அதன் வாயில் ஒரு மெல்லிய நெகிழிப் பையைத் தளர்வாகக் கட்டிவைத்து, அடுத்த நாள் அதில் நீர் உள்ளதா எனப் பார்க்கலாம். சோதனை முடிந்ததும் பையை அகற்றிவிடவேண்டும். இக்குழாயை ஒருபோதும் அடைக்கக்கூடாது.
- பிரித்துப் பார்த்தல்: கொதிகலனை நிறுத்தி, முழுவதும் குளிர்ந்தபின், அதன் அடியில் உள்ள வெப்பச் சுற்றின் இரு வால்வுகளையும் மூடி ஓர் இரவு விடுதல். அழுத்தமானி இறங்கினால் கசிவு கொதிகலனின் பக்கம்; இறங்காமல் இருந்து, வால்வுகளைத் திறந்ததும் விழுந்தால் கசிவு ரேடியேட்டர்கள் அல்லது குழாய்களின் பக்கம். வால்வுகள் மூடியிருக்கும்போது கொதிகலனை இயக்கக்கூடாது.
- ஏறும் அழுத்தம்: கொதிகலன் இயங்காதபோதும் முள் ஏறினால், முதலில் நிரப்பு இணைப்பின் குழாயைக் கழற்றிப் பார்க்கவேண்டும். அதன் பின்னும் ஏறினால் தட்டு வெப்பப் பரிமாற்றியை ஐயுறவேண்டும்.

ரேடியேட்டர்களில் சேர்ந்த காற்றை வெளியேற்றிய பின்னர் அழுத்தம் குறைவது இயல்பே. அது கசிவின் அடையாளம் அன்று. தரைக்கடியில் மறைந்துள்ள கசிவுகளைக் கண்டறியச் சிறப்பு வல்லுநர்கள் வெப்பப் படக்கருவியையும், 5 விழுக்காடு நீரியமும் 95 விழுக்காடு நைட்ரசனும் கலந்த தடங்காண் வளிமத்தையும் பயன்படுத்துகின்றனர். நீரியம் மிக நுண்ணிய துளை வழியாகவும் வெளியேறித் தரைக்கு மேலே உணரியில் படும்.

மீண்டும் மீண்டும் நீர் நிரப்புவதன் விளைவு

புதிதாக நிரப்பிய தொகுதியில், நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் சில நாட்களில் இரும்புடன் வினைபுரிந்து தீர்ந்துவிடும். அதன்பின் அரிப்பு மிகவும் மெதுவாகிவிடும். மூடிய தொகுதி பல ஆண்டுகள் நிலைத்திருப்பதற்கு இதுவே அடிப்படை. கூடுதல் காப்பாக, அரிப்புத் தடுப்பான் என்னும் வேதிப்பொருளும் நீரில் கலக்கப்படுகிறது.

வாரந்தோறும் 2 லிட்டர் நீர் கசிந்து, அதே அளவு மீண்டும் நிரப்பப்படுவதாகக் கொள்வோம். ஓராண்டில் உட்செல்லும் நீர் 104 லிட்டர். அது 100 லிட்டர் தொகுதியின் முழுக் கொள்ளளவையும் மிஞ்சிவிடும். இதனால் மூன்று தீமைகள் விளைகின்றன.

- அரிப்புத் தடுப்பான் கசிவோடு வெளியேறுகிறது. நீர் நன்கு கலப்பதாகக் கொண்டால், ஆண்டு முடிவில் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சும்.
- ஒவ்வொரு முறையும் புதிய ஆக்சிசன் உட்செல்கிறது. இரும்பு அரிந்து மாக்னட்டைட்டு என்னும் கருநிற இரும்பு ஆக்சைடாக மாறி, ரேடியேட்டர்களின் அடியிலும் வெப்பப் பரிமாற்றியின் குறுகிய வழிகளிலும் படிகிறது.
- கடின நீர் உள்ள இடங்களில் சுண்ணமும் சேர்கிறது. லண்டன் உட்படத் தென்கிழக்கு இங்கிலாந்தின் நீர் கடினமானது. லிட்டருக்கு 250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டு எனக் கணக்கிட்டால் 104 லிட்டரில் 26 கிராம் உட்செல்லும். சூடாகும்போது இதில் பெரும்பகுதி மிகவும் சூடான பரப்பில், அதாவது வெப்பப் பரிமாற்றியில், படியும்.

எனவே ஒரு வால்வின் அடைப்பு தேய்ந்ததால் தொடங்கிய சிறு கசிவு, காலப்போக்கில் ரேடியேட்டரில் துளையாகவும் வெப்பப் பரிமாற்றியில் அடைப்பாகவும் மாறக்கூடும். முதலாவது பழுதைச் சீர்செய்ய ஒரு சிறிய உதிரிப்பாகம் போதும். இறுதிப் பழுது கொதிகலனையே மாற்றவேண்டிய நிலைக்குக் கொண்டுவிடலாம். அரிப்பின்போது நீரியமும் உருவாகலாம் என்பதால், ரேடியேட்டரின் காற்றை வெளியேற்றும் வேளையில் தீச்சுடரை அருகில் கொண்டுசெல்லலாகாது.

ஒரு முறை நிரப்புவதில் தவறில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை நிரப்பவேண்டிவருவதும் பொதுவாகக் கவலைக்குரியது அன்று. வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் நிரப்பவேண்டியிருந்தால் நீர் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். நிரப்பி முடிந்ததும் இணைப்பின் இரு வால்வுகளையும் மூடவேண்டும். கழற்றக்கூடிய குழாயாக இருந்தால் கழற்றிவைக்கவேண்டும். சுற்று நீர் குடிநீருக்குள் திரும்பிவிடாமல் தடுப்பதற்காக 1999 ஆம் ஆண்டின் நீர் வழங்கல் விதிகள் இதனை வலியுறுத்துகின்றன.

உடனடி நடவடிக்கைகள்

கொதிகலனிலிருந்து நீர் ஒழுகுவதைக் கண்டால் பின்வரும் வரிசையில் செயற்படலாம்.

1. எரிவாயு மணம் வீசுகிறதா எனக் கவனித்தல். வீசினால் மின் சுவிட்சுகளைத் தொடாமல், எரிவாயு மானியருகே உள்ள முதன்மை வால்வை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறவேண்டும். பெரிய பிரித்தானியாவில் எரிவாயு அவசரத் தொலைபேசி எண் 0800 111 999.
2. எரிவாயு மணம் இல்லையெனில், கொதிகலனை நிறுத்தி அதற்கான மின் சுவிட்சை அணைத்தல். சுவிட்சு நனைந்திருந்தால் அதைத் தொடாமல், உலர்ந்த இடத்தில் உள்ள முதன்மை மின்பலகையில் அணைக்கவேண்டும்.
3. தெளிந்த நீர் தொடர்ந்து வந்தால், வீட்டுக்குள் தெருக் குழாய்நீர் நுழையும் இடத்தில் உள்ள வால்வை மூடுதல். இது பெரும்பாலும் சமையலறைத் தொட்டியின் அடியில் இருக்கும். கசிவு நேரும் முன்பே இதன் இருப்பிடத்தை அறிந்து, அது திரும்புகிறதா எனப் பார்த்துவைப்பது நன்று.
4. ரேடியேட்டரில் கசிவு எனில், அதன் இரு முனைகளிலும் உள்ள வால்வுகளை மூடுதல். அந்த ஒன்றைத் தவிர மற்றவை தொடர்ந்து இயங்கும். மூடிய வால்வை எத்தனை சுற்றுத் திருப்பினோம் என்பதைக் குறித்துவைத்தால் பின்னர் முன்னிருந்த அளவுக்கே திறக்கலாம்.
5. நீர் சொட்டும் இடத்தில் பாத்திரம் வைத்தல். அடுக்குமாடி எனில் கீழ்வீட்டாருக்குத் தெரிவித்தல்.
6. நிழற்படம் எடுத்து, நாள், நேரம், அழுத்த அளவு ஆகியவற்றைக் குறித்தல். காப்பீட்டுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் இவை சான்றாகும்.

சுற்று நீர் 60 °செ வெப்பநிலைக்கு மேலும் இருக்கக்கூடும் என்பதால், குளிரும் முன் எந்த இணைப்பையும் தளர்த்தக்கூடாது.

உறைபனிக் காலச் சிக்கல்

ஒடுக்க நீர்க் குழாய் வீட்டுக்கு வெளியே செல்லுமானால் கடுங்குளிரில் அது உறைந்துவிடும். நீர் வெளியேற வழியின்றிக் கொதிகலனுக்குள் ஏறும். நீர் கொப்பளிப்பது போன்ற ஓசை கேட்கும். பின்னர் கொதிகலன் தானாக நின்றுவிடும். 2010 டிசம்பரில் ஐக்கிய இராச்சியத்தில் ஏற்பட்ட கடுங்குளிரில் ஏராளமான வீடுகளில் இவ்வாறு நேர்ந்தது. கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள குழாயின் மீது வெதுவெதுப்பான நீரை ஊற்றி உருகவைக்கலாம். கொதிநீரை ஊற்றினால் குழாய் வெடிக்கலாம். தரையில் வழிந்த நீர் உறைந்து வழுக்கவும் செய்யும். குழாயின் வெளிப்பகுதியைக் குறுகியதாகவும் அகன்றதாகவும் அமைத்து வெப்பக் காப்பு இடுவதே நிலையான தீர்வு.

பாதுகாப்பும் சட்டமும்

பெரும்பாலான தற்காலக் கொதிகலன்களில், எரிப்புக்கான காற்றும் புகையும் அறையிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டுள்ளன. பல மாதிரிகளில் கொதிகலனின் உறையே இப்பிரிவைக் காக்கிறது. தகுதியற்றவர் அதைத் திறந்து சரியாக மூடாவிட்டால், நிறமும் மணமும் அற்ற நச்சு வளிமமான கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரக்கூடும். நீர்க்கசிவைத் தேடி உறையைக் கழற்றுவதில் உள்ள பேரிடர் இதுவே.

1998 ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, பெரிய பிரித்தானியாவில் எரிவாயுக் கருவிகளில் பணிபுரியும் தொழிலர்கள் பதிவு பெற்றிருக்கவேண்டும். இப்பதிவேட்டை முன்னர் கோர்கி அமைப்பு நடத்தியது. 2009 ஏப்ரல் 1 முதல் கேஸ் சேஃப் பதிவேடு அதன் இடத்தைப் பெற்றது. தொழிலரின் அடையாள அட்டையின் பின்புறத்தில், அவர் எவ்வகைப் பணிகளுக்குத் தகுதி பெற்றவர் என்பது குறிக்கப்பட்டிருக்கும். ரேடியேட்டர், அதன் வால்வு, நீர்க்குழாய் ஆகியவற்றில் பணிபுரிய இப்பதிவு தேவையில்லை.

வாடகை வீடுகளில், உரிமையாளர் 12 மாதங்களுக்கு ஒருமுறை எரிவாயுப் பாதுகாப்புச் சோதனை நடத்தவேண்டும். இங்கிலாந்தில் 1985 ஆம் ஆண்டின் நில உரிமையாளர் - வாடகையாளர் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, பொதுவான குறுங்கால வாடகைகளில், அறைகளையும் நீரையும் சூடாக்கும் அமைப்புகளைச் சீராக வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர் மீது சுமத்துகிறது. நாள்தோறும் நீர் நிரப்பிக்கொள்ளுமாறு வாடகையாளரிடம் கூறுவது இப்பொறுப்பை நிறைவேற்றியது ஆகாது. பழுதை எழுத்து மூலம் தெரிவித்து, அதன் படியை வைத்துக்கொள்வது வாடகையாளருக்குப் பாதுகாப்பு.

வீட்டுக் காப்பீடுகள் பலவற்றில் திடீர் நீர்க்கசிவால் ஏற்படும் சேதத்துக்கு ஈடு உண்டு. நெடுங்காலம் படிப்படியாக நேர்ந்த சேதம் பெரும்பாலும் விலக்கப்படுகிறது. கசிவை அறிந்தும் நீர் நிரப்பிக்கொண்டிருப்பது இவ்வகையிலும் இழப்பை உண்டாக்கலாம்.

சீர்செய்தலும் பராமரிப்பும்

காப்பு வால்வு சொட்டினால் அதை மட்டும் மாற்றுவது போதாது. அது ஏன் திறந்தது என்பதைக் கண்டறிந்து, விரிவுக்கலத்தையும் நிரப்பு இணைப்பையும் சோதிக்கவேண்டும். இல்லையெனில் புதிய வால்வும் அவ்வாறே சொட்டத் தொடங்கும். விரிவுக்கலத்தில் மிதிவண்டிச் சக்கரத்தில் இருப்பது போன்ற ஒரு காற்று வால்வு உண்டு. சுற்று நீரின் அழுத்தத்தைச் சுழியாக்கிய பின்னரே வளிம அழுத்தத்தை அளக்கவேண்டும். அவ்வால்விலிருந்து நீர் வந்தால் சவ்வு கிழிந்துள்ளது என்பது உறுதி. அப்போது கலத்தை மாற்றவேண்டும். கொதிகலனுக்குள் உள்ள கலத்தை எடுப்பது கடினமானால், வெளியே திரும்பு குழாயில் வேறொரு கலத்தை இணைப்பதும் உண்டு.

கசிவை அடைக்கும் நீர்ம வேதிப்பொருட்களும் கடைகளில் கிடைக்கின்றன. தரைக்கடியில் உள்ள மிக நுண்ணிய கசிவுகளுக்கு இவை சிலவேளை பயன்பட்டாலும், கொதிகலனின் பாகங்களுக்கு ஏற்றதா என்று தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்த பின்னரே பயன்படுத்தவேண்டும். விரிவுக்கலப் பழுதுக்கோ காப்பு வால்வுப் பழுதுக்கோ இவற்றால் பயனில்லை.

கசிவை நீக்கிய பின்னர் அரிப்புத் தடுப்பானை மீண்டும் சேர்ப்பது இன்றியமையாதது. சுற்று நீரின் தூய்மை பற்றிய பிரித்தானியச் சீர்தரமான பி.எஸ். 7593 இன் 2019 ஆம் ஆண்டுத் திருத்தம், இரும்புத் துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றையும் சுற்றில் பொருத்த வலியுறுத்துகிறது.

திறந்த தொகுதிகள்

பரணில் தொட்டி கொண்ட பழைய திறந்த தொகுதிகளில் அழுத்தமானி இல்லை. நீர் குறைந்தால் தொட்டியின் மிதவை வால்வு தானாகத் திறந்து நிரப்பிவிடும். ஆகவே கசிவு எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடும். கொதிகலன் குளிர்ந்திருக்கும்போது மிதவை வால்வை ஒரு கயிற்றால் உயர்த்திக் கட்டி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து, சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் கசிவு உள்ளதா என அறியலாம். சோதனையின்போது கொதிகலனை இயக்கக்கூடாது. முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடவேண்டும்.

எரிவாயுக் கொதிகலனுக்குப் பதிலாக வெப்ப எக்கி பொருத்தப்படும் வீடுகளிலும் ரேடியேட்டர், விரிவுக்கலம், காப்பு வால்வு, அழுத்தமானி ஆகியவை கொண்ட மூடிய நீர்ச்சுற்று பொதுவாக இருக்கும். எரிவாயு தொடர்பான பகுதிகள் நீங்கலாக, நீரிழப்பைக் கண்டறியும் மேற்கண்ட முறைகள் அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

- கொதிகலன்
- வெப்பப் பரிமாற்றி
- பாயிலின் விதி
- அரிப்பு
- கார்பன் மோனாக்சைடு